ஓட்டைக் கிண்ணம்

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவரிடம் டாக்டர் முதலில் சொல்வது ஒரே வார்த்தைதான்.

"நோகும்."

மற்ற பல் டாக்டர்கள் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்பார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்பார்கள். இவர் ஊசியை நோயாளியின் கண்ணுக்கு நேராகவே பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்வார். "ஊசி ஈறுக்குள்ள போகேக்க நல்லா நோகும். பிறகு மரத்துப்போகும். மரத்த பிறகுதான் நான் இழுப்பன். இழுக்கேக்க நோகாது. ஆனா ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் உமக்குப் பிடிக்காது."

அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குத் தோட்டத்துக் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்கு வந்தவர். இங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு டாக்டரம்மாவின் வாயை விட்டுப் போகவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் அவர் திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று பிரித்தறியவே சில மாதம் பிடித்தது. கோல சிலாங்கூர் டவுனில், ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. நான் அங்கே உதவியாள். பல்லை அடைக்கும் மருந்தைக் குழைத்துக் கொடுப்பேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், பயந்தவர்களின் கையையும் பிடித்துக்கொள்வேன். சில நாள் மற்ற எல்லா வேலையையும்விடக் கை பிடிக்கும் வேலைதான் அதிகம்.

சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு சீனர் வந்தார். சொந்தமாகப் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. புயலில் கடலுக்குப் போய்த் திரும்பியவர் என்று கூட வந்த மனைவி பெருமையாகச் சொன்னார். டாக்டர் வழக்கம்போல அவருக்கு மலாயில் விளக்கினார். "சாக்கிட்", அதாவது வலிக்கும், என்ற முதல் வார்த்தையிலேயே மனிதர் எழுந்து, மார்பில் கட்டிய பச்சைத் துணியோடு மாடிப்படி இறங்கி ஓடிவிட்டார்.

டாக்டர் ஜன்னலைத் திறந்தார். கீழே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவரை உரத்த குரலில் மலாயில் கூப்பிட்டார். இன்றைக்கும் இதே வலிதான், அடுத்த வாரமும் இதே வலிதான், நடுவில் ஒரு வாரத் தூக்கம் மட்டும் நஷ்டம், அதோடு அந்தத் துணி என்னுடையது என்று அவர் கத்தினார். கோப்பிக் கடையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த மனிதர் ரோட்டு நடுவில் நின்று சிரித்துவிட்டார். திரும்பி வந்தார், பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் எங்களிடம்தான் வருவார்கள், வரும்போது இறாலும் வரும். பிள்ளைகளும் அப்படித்தான். "நோகும்" என்று கேட்டதும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அவர் சொன்ன இடத்தில் வலித்து, சொன்ன இடத்தில் நின்றுவிட்டதும், அடுத்த முறை தாங்களாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் அவர் இப்படித்தான் என்பதில் ஒரு தொல்லையும் இருந்தது. அதை என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் அனுபவித்தேன்.

அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பெரிய மனுஷி ஒருவர் பக்கத்தில் இருந்தால் கௌரவம் என்று என் அம்மா டாக்டரையும் அழைத்திருந்தார். அம்மா, "எம்பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது டாக்டருக்குத் தேத்தண்ணீர் புரையேறியது.

மாப்பிள்ளையின் அம்மா அதைக் கவனித்துவிட்டார். "நீங்க சொல்லுங்க டாக்டர். நீங்கதான் தினம் பாக்குறீங்க. பொண்ணு எப்படி?"

"கெட்டிக்காரி. வஞ்சகம் இல்லாதவ. நோயாளிகளுக்கு இவவில நல்ல விருப்பம்" என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கோவம் வரும். போன மாசம் ஒரு தட்டைத் தூக்கி எறிஞ்சவ. என்ர கால் பெருவிரல் இன்னும் நீலமாத்தான் கிடக்கு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். அப்போதுதான் மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார். "எங்கம்மா கரண்டியே வீசுவாங்க டாக்டர். எனக்குக் குனிய தெரியும்லா."

அவர்தான் என் கணவர். லோரி ஓட்டுகிறார். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா டாக்டரோடு வெகுநாள் பேசாமல் இருந்தார். பிறகு கடைவாய்ப்பல் வீங்கியதும் பேசிவிட்டார்.

டாக்டர் தன்னைப் பற்றியும் அப்படித்தான் பேசினார். ஒருநாள் காலை, பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பாதியில் கருவியைத் தட்டில் வைத்தார். தன் வலது கையை விளக்கடியில் நீட்டிப் பார்த்தார். விரல்கள் மெல்ல, ஆனால் விடாமல் நடுங்கின. கொஞ்ச நாளாகவே நானும் கவனித்திருந்தேன்.

"டீச்சர்" என்றார், "என்ர கை நடுங்குது. இண்டைக்குத்தான் எனக்கே நல்லாத் தெரிஞ்சது. உம்மட வாய்க்குள்ள இனி இந்தக் கையை வைக்கக் கூடாது. பாதிப் பல்லு சுத்தமாயிருக்கு. மிச்சத்தை வேறொருத்தரிட்டச் செய்யும். காசு வேண்டாம்."

ஒரு மாதத்தில் கிளினிக்கை மூடிவிட்டார். கதவில் மூன்று மொழியிலும் ஒரு தாள் ஒட்டினார். தமிழில் நான்தான் எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. 'என் கை நடுங்குகிறது. அதனால் மூடுகிறேன். இத்தனை காலம் வாயைத் திறந்ததற்கு நன்றி.' அவருடைய ஒரே மகள் ஷா ஆலாமில் மருத்துவமனை டாக்டர், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிறவர். அந்தத் தாளின் படம் யாரோ அனுப்பி அவருடைய கைத்தொலைபேசிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஓய்வு பெறுகிறேன்னு போட்டா போதாதாம்மா? ஊருக்கே சொல்லணுமா?" என்று மகள் கேட்டார்.

"ஓய்வு எண்டா பிறகு ஆக்கள் வந்து கெஞ்சுவினம். கை நடுங்குது எண்டா வரமாட்டினம்" என்றார் டாக்டர். அது நியாயமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருப்பார் என்று நாங்கள் நினைத்தது எங்கள் தப்பு. சில மாதம் கழித்து அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் காருக்குப் பதில் ஒரு கடைசல் இயந்திரம் நின்றது. மரத்தைச் சுழல விட்டு, உளியை அதில் வைத்துக் கிண்ணமும் தட்டும் கடையும் மிஷின். கார் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்றது. ஷா ஆலாமில் ஒரு பட்டறையில் வாரக் கடைசிகளில் போய்ப் பழகிக்கொண்டாராம். மகள் வீட்டிலேயே தங்கியிருந்து, கோயிலுக்குப் போகிறேன் என்று பொய்க்குக்கூடச் சொல்லாமல், "மரம் கடையப் போறன்" என்று சொல்லிவிட்டே போயிருக்கிறார். மகள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

நான் வாரத்தில் ஓரிரு நாள் போய் அவரோடு இருப்பேன். வேறு ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே எல்லாம் 'எறும்பு கடித்த மாதிரி'தான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கையில் நடுக்கம் இருக்கும்போது சுழலும் மரத்துக்குப் பக்கத்தில் உளியைப் பிடிப்பதாவது என்று நான்தான் முதலில் கேட்டேன். டாக்டர் கரண்டி எடுத்தால் கறி மேசையில் சிந்தும். பேனா எடுத்தால் கையெழுத்து மண்புழு மாதிரி போகும். அவர் நீண்ட பிடி போட்ட ஓர் உளியை எடுத்துக் காட்டினார். அதன் தலையை மிஷினில் உள்ள இரும்புத் தாங்கியில் வைத்தார், பிடியின் நுனியை இடுப்பில் அழுத்திக்கொண்டார்.

"பல்லு வேலை விரல் நுனியில. இது அப்பிடி இல்லை, பிள்ளை. இடுப்பால பிடிச்சு, காலால ஆடவேணும்." முழங்காலை மடக்கி நிமிர்த்தி, உடம்பை இடமிருந்து வலமாகச் சாய்த்துக் காட்டினார். கை உடம்போடு ஒட்டியிருந்தது. நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுபதை நெருங்கியவர் கார் நிறுத்தும் இடத்தில் அப்படி ஆடியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, வேலிக்கு அந்தப்புறம் கைதட்டினார்.

ரப்பர் மரம், பலா, விழுந்த மாமரம் என்று கிடைத்ததையெல்லாம் கடைந்தார். பிறகு என் கணவர் வால்நட் மரத்தைக் கொண்டுவந்தார்.

புக்கிட் பெருந்துங்கில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு என் கணவர் லோரி ஓட்டுகிறார். துறைமுகத்திலிருந்து வெளிநாட்டு மரம் ஏற்றி வருவது அவர் வேலை. சாப்பாட்டு மேசைக்கு வந்த தடித்த வால்நட் பலகையில் ஒரு நுனியை வெட்டிக் கழித்திருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டு வாங்கி, அங்கேயே வட்டமாக அறுத்து, அரிசிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து டாக்டரின் காலடியில் வைத்தார்.

"இது ரிஜெக்ட் லா, டாக்டர். முடிச்சு இருக்கு, வெடிப்பு இருக்கு, புழு தின்னிருக்கு. இங்க பாருங்க, பட்டை மரத்துக்குள்ளயே பூந்து கெடக்கு. சும்மா பாத்துட்டு வேணாம்னா தூக்கிப் போட்டுடறேன்."

டாக்டர் அதற்குள் உள்ளே போய் ஒரு பழைய தட்டோடு வந்துவிட்டார். தட்டில் வாய்க்கண்ணாடியும் பல் குத்திப் பார்க்கும் கொக்கிகளும் இருந்தன. மரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை வெடிப்புக்குள் சாய்த்துப் பார்த்தார். கொக்கியால் புழு ஓட்டைகளைத் தடவினார். ஒரு கிடுக்கியின் பிடியால் மரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். வழக்கமாக நான் நிற்கும் இடத்தில், அவருடைய இடது பக்கத்தில், நானும் என்னை அறியாமல் போய் நின்றுகொண்டேன். என் கணவர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"புழு போய்க் கனகாலம். வெடிப்பு ஆழமில்லை" என்றார் டாக்டர். "முடிச்சு இறுக்கமா இருக்குது. பட்டையைச் சுரண்டி எடுக்கலாம்."

"ஓட்டைய அடைக்கறதுக்கு மரத்தூளும் பசையும் இருக்கு டாக்டர். ஃபேக்டரில அப்படித்தான் செய்வாங்க. கண்டுபிடிக்கவே முடியாது" என்றார் என் கணவர்.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, வேலை தொடங்கின நாளிலயிருந்து ஓட்டை அடைச்சுக்கொண்டுதான் இருந்தனான். பிடிக்காமலே அடைச்சனான் எண்டு சொல்லமாட்டன். ஆனா போதும். இனி ஒரு ஓட்டையையும் அடைக்கிறதில்லை."

முதல்நாள் வெளிப்புறத்தைக் கடைந்தார். மரம் ஆரம்பத்தில் தடதடவென்று குதித்தது. பிறகு உருண்டை கூடக் கூட அமைதியானது. உளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் பறந்து அவர் தலைமுடியிலும் என் தோளிலும் விழுந்தது. மேலே சாம்பல் பூத்துக் கிடந்த மரம் உள்ளே கரும்பழுப்பு. ஓரத்தில் மட்டும் பாலாடை நிறத்தில் ஒரு வளையம். நல்ல வாசனை, தேத்தண்ணீர்த் தூளையும் மண்ணையும் சேர்த்து வறுத்த மாதிரி. டாக்டர் முகக்கவசத்துக்குள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார்.

அப்போது 'டொப்' என்று ஒரு சத்தம். ஏதோ ஒன்று என் காதோரம் பறந்து போய், கூரையில் தொங்கிய விளக்கில் பட்டு, கண்ணாடி மழையாகக் கொட்டியது. நான் வீறிட்டேன். டாக்டர் மிஷினை நிறுத்தினார். சுழன்ற மரம் மெல்ல மெல்ல நின்றபோது, அதன் விலாவில், முடிச்சு இருந்த இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது.

டாக்டர் கவசத்தைத் தூக்கினார். "முடிச்சு இறுக்கம் எண்டு சொன்னன். பிழை. என்ர கணிப்புப் பிழைச்சுப் போச்சு." என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முடியில் இருந்த கண்ணாடித் துகளை எடுத்தார். "உம்மைப் பக்கத்தில நிக்க விட்டதும் பிழை. இனி எனக்குப் பின்னாலதான் நிக்கவேணும். நீரும் கவசம் போடவேணும்." பிறகு மரத்துக்குப் போனார். அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டார். முகம் மலர்ந்தது. "உள்ளே குடைஞ்சு வரேக்க இது ஓட்டையாகிடும், பிள்ளை. இந்தப் பக்கத்தால பார்த்தா அந்தப் பக்கம் தெரியும்!"

நானும் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. சில நாளைக்கு முன்தான், மிஷின் வாங்கியது தெரிந்து, மகள் என்னைப் போனில் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "அக்கா, அம்மா அந்த மிஷின்ல நிக்கறாங்களான்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்." அவர் குரலில் பயம் இருந்தது. தினம் தினம் விபத்தில் வந்தவர்களை மயக்கப்படுத்துகிறவர், கை சிதைந்து வருகிறவர்களைப் பார்க்கிறவர். அவர் பயத்தில் தப்பில்லை. ஆனாலும், "சொல்றேன், ஆனா அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட சொல்வேன்" என்றுதான் நான் பதில் கொடுத்திருந்தேன். டாக்டரோடு அத்தனை வருடம் வேலை செய்ததில் எனக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது.

அன்று கண்ணாடித் துகளைக் கூட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை.

"சொல்லும். எல்லாத்தையும் சொல்லும். முடிச்சுப் பறந்ததைச் சொல்லும். விளக்கு உடைஞ்சதைச் சொல்லும். உம்மட காதுக்குப் பக்கத்தால போனதையும் விடாமச் சொல்லும்."

நான் சொன்னேன். அதன் விளைவு சனிக்கிழமை காலையில் தெரிந்தது. மகள் என் கணவருக்கே போன் செய்து, மிஷினை ஏற்றிப்போக லோரி கேட்டிருந்தார். டாக்டரின் மகளிடம் முடியாது என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் வருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தொழிற்சாலை ஆட்கள் இருவரோடு லோரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மிஷினில் கிண்ணத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். வெளிப்புறம் முடிந்திருந்தது. உள்ளே குடைய வேண்டியதுதான் பாக்கி.

"அம்மா, சண்டை போட வரல" என்றார் மகள். ஆனால் சண்டைக்குத் தயாரான முகம்தான். "கைய பாருங்க. நீங்களே கதவுல எழுதி ஒட்டினீங்க. ஒரு செகண்ட் போதும்மா. விரல் போயிடும். கண் போயிடும். நான் தினம் பாக்குறேன்."

"ஓம். ஆபத்துத்தான்" என்றார் டாக்டர். "ஆபத்து இல்லை எண்டு நான் உனக்குச் சொல்லேல்ல."

மகள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல போலிருக்கிறது.

"கேள், பிள்ளை. லோரி வந்திட்டுது, ஆக்களும் நிக்கினம். நான் இதைக் குடையிறன். நீ எனக்குப் பின்னால நின்று பார். உன்ர நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார். பார்த்த பிறகு கொண்டுபோகவேணும் எண்டு சொன்னா, நான் ஒரு வார்த்தை கதைக்காம ஏத்தி விடுறன். ஆனா பார்த்துட்டுச் சொல்லவேணும். பயத்தில சொல்லக் கூடாது."

மகள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மிஷின் ஓடத் தொடங்கியது. டாக்டர் உளியைத் தாங்கியில் வைக்கும் வரை கை நடுங்கியது, இரும்போடு உளி மோதி டிக் டிக் என்றது. பிடியை இடுப்பில் சேர்த்ததும் சத்தம் நின்றது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உளி இறங்கியது. சீவல் மகளின் வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. அம்மாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் மெலிய மெலிய, உளி ஓட்டையைக் கடக்கும் போதெல்லாம் டுக், டுக், டுக் என்று சத்தம் மாறியது. சுழலும் கிண்ணத்தின் விலாவில் புகை மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. அதன் வழியாக உளியின் மினுக்கம்கூடத் தெரிந்தது. லோரியில் இருந்தவர்கள் இறங்கி வந்து வேலியோரம் நின்றார்கள். மாக்சிக்கும் வந்துவிட்டார்.

இன்னும் கொஞ்சம்தான். அடிப்பகுதியின் நடுவில் குமிழ் மாதிரி கொஞ்சம் மரம் மட்டும் மிச்சம். எனக்கானால் 'முடிச்சிடுங்க, முடிச்சிடுங்க' என்று உள்ளே அடித்துக்கொண்டது. அப்படி முடித்துவிட்டால் மகளை வென்றுவிடலாமே.

டாக்டர் உளியைப் பின்னுக்கு இழுத்தார். மிஷினை நிறுத்தினார். உளியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"என்னாச்சு?" என்றார் மகள்.

"கை களைச்சுப்போச்சு. இனி நடுங்கும்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மிச்சம் சாப்பிட்ட பிறகு."

"இன்னும் ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா?"

"ஓம். அந்த ரெண்டு நிமிசத்திலதான் விரல் போகும்."

மகள் கவசத்தைக் கழற்றினார். அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நடுங்கிய அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிறகு லோரிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அண்ணா, மிஷினை ஏத்த வேணாம்" என்றார். என் கணவர் அப்போதுதான் ஸ்டியரிங்கை விட்டார்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. காலால் மிதித்தால் மிஷின் நிற்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், தனியாக இருக்கும்போது தொடக் கூடாது, முடிச்சு உள்ள மரத்தை இரண்டு பேர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "இப்பிடிச் சொன்னா விளங்குதுதானே" என்றார்.

எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு. மீன் சொதி, புட்டு, மாக்சிக் வேலிக்கு மேல் நீட்டிய சம்பல். சாப்பிட்டுச் சற்று ஓய்ந்த பிறகு டாக்டர் அந்தக் குமிழையும் கடைந்து முடித்தார். உப்புத்தாள் போடும் வேலையை மகள் பிடுங்கிக்கொண்டார். எண்ணெய் தடவியதும் மரத்தின் கரும்பழுப்புக்குள்ளிருந்து சிவப்பும் ஊதாவும் எழும்பி வந்தன. பட்டையைச் சுரண்டி எடுத்த இடம் விளிம்பில் ஆற்றங்கரை மாதிரி வளைந்து போனது. விலாவில் ஓட்டை. மகள் லங்சாட் பழத்தை அதில் கொட்டினார். ஒரு பழம் ஓட்டை வழியாக வெளியே வந்து, மேசையில் உருண்டு, என் கணவரின் மடியில் விழுந்தது. அவர் உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

அந்தக் கிண்ணம் இப்போது ஷா ஆலாமில் மகளின் மேசையில் இருக்கிறது. டாக்டரும் மிஷினும் பிற்பாடு அங்கேயே போய்விட்டார்கள். நான் எப்போதாவது போன் செய்தால் பின்னால் உளியின் சத்தம் கேட்கும். பேசுவது மகள். அம்மா கடைகிறார், அதனால் பக்கத்தில் நிற்கிறேன் என்பார்.

அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் டாக்டரைப் பற்றிச் சொன்னது முழுதாகாது.

என் கணவர் கிளம்ப எழுந்தபோது, "லோரியை வெறுமனே அனுப்பக் கூடாது" என்றார் டாக்டர். வீட்டுக் கூடத்தைப் பார்த்தார். அங்கே போர்வை போட்டு மூடி ஒன்று நின்றது. துவைத்த துணி மடித்துப் போடும் இடமாக நாங்கள் எல்லாரும் அதைப் பழகியிருந்தோம். கிளினிக்கின் நாற்காலி. மூடும்போது எல்லாப் பொருளையும் யார் யாருக்கோ கொடுத்தவர், இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"உங்கட அசாம் ஜாவா முடிதிருத்துற ஆள் சாயிற கதிரை வேணும் எண்டு கேட்டவர் எண்டீர். இதைக் கொடும்."

தொழிற்சாலை ஆட்கள் இருவரும் என் கணவரும் முக்கி முனகித் தூக்கி லோரியில் ஏற்றினார்கள். அது வெயிலில், லோரித் தட்டின் நடுவில், யாரையோ எதிர்பார்ப்பது போலச் சாய்ந்து நின்றது. டாக்டர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இதில ஒருநாளும் இருந்ததில்லை" என்றார் திடீரென்று.

மகள் உடனே கை கொடுத்து அவரை லோரியில் ஏற்றினார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தலையைச் சாய்த்தார். மாக்சிக் மறுபடி கைதட்டினார். மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு, "சரி, வாயத் தொறங்க, செக் பண்ணுவோம்" என்றார்.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

"தொறங்கம்மா."

டாக்டர் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார். உதடு இறுகிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மகளின் முகத்தில் சிரிப்பு போய்ச் சந்தேகம் வந்தது. டாக்டரின் தாடையை மெல்லப் பிடித்தார், நான் பழக்கத்தில் லோரியில் ஏறி இடது பக்கம் நின்றுகொண்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

கடைசிக் கடைவாய்ப்பல். விளக்கே தேவையில்லை, எனக்கே தெரிந்தது. கருத்து, குழிந்து, பெரிய ஓட்டை.

"அம்மா! இது எவ்வளவு நாளா?"

"கனநாள்."

"வலிக்கலையா?"

"நோகுது. ராவில."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் காட்டல? ஏன் சொல்லல? எல்லாத்தையும் சொல்வீங்களே!"

டாக்டர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை.

"பயம்" என்றார்.

முதலில் சிரித்தது என் கணவர்தான். பிறகு மகள் சிரித்து, சிரித்து, நாற்காலியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் அங்கேயே, லோரி மேலேயே, ஷா ஆலாமில் தனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை என் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

"இன்னொரு வாரம் பொறுக்கேலாதோ?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார். மகள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் தோல் தேய்ந்து வெளுத்த இடம் ஒன்று உண்டு. எத்தனையோ பேர் பயத்தில் இறுக்கிப் பிடித்த இடம். நான் குனிந்து பார்த்தேன். டாக்டரின் விரல்கள் சரியாக அங்கேதான் இருந்தன. வெளிறிப்போய், இறுக்கமாக. நான் ஒரு கையை அதிலிருந்து பிரித்தெடுத்துப் பிடித்துக்கொண்டேன்.